இடைக்கால ஆங்கில ரொமான்ஸ் கதைகளில் முஸ்லிம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொமான்ஸ் என்றால் காதல் கதைகளா? எந்தெந்தப் படைப்புகள் இதில் சேரும்?

காதலும் உண்டு. ஆனால் இந்தப் பெயர் குறிப்பது 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலத்தில் புழங்கிய வீரசாகசக் கதைப்பாட்டுகளை. பெரும்பாலானவற்றுக்கு மூலம் பிரெஞ்சில் இருக்கிறது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்ற நடை: அடைமொழிகள் திரும்பத் திரும்ப வரும், படைகளின் எண்ணிக்கை ஊதிப் பெருகும், வில்லன் வாயைத் திறந்ததுமே யாரென்று தெரிந்துவிடும்.

நம் விஷயத்துக்கு மையமானவை ‘கிங் ஆஃப் டார்ஸ்’, ‘பெவிஸ் ஆஃப் ஹாம்டன்’, ‘கை ஆஃப் வாரிக்’, ‘ஒட்டுவெல்’, ‘ரோலண்டும் வெர்னகுவும்’, ‘ஃப்ளோரிஸும் ப்ளாஞ்ச்ஃப்ளூரும்’, ‘ரிச்சர்ட் கேர் டி லயன்’. இந்த ஏழும் ஒரே கைப்பிரதியில் இருக்கின்றன, சில சிதைந்த நிலையில். ஆகின்லெக் கைப்பிரதி என்று அதற்குப் பெயர். 1330-களில் லண்டனில் எழுதப்பட்டது. இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. 331 ஏடுகள் மிஞ்சியுள்ளன. பல ஏடுகளில் படங்களை மட்டும் யாரோ கத்தரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், கூடவே மறுபக்கத்து வரிகளும் போய்விட்டன. இவற்றுக்குப் பின்னால் வந்தவை ‘சுல்தான் ஆஃப் பாபிலோன்’, ‘மிலன் முற்றுகை’ போன்ற சார்லமேன் கதைகளும் (பிராங்குப் பேரரசன் சார்லமேனையும் ரோலண்ட் முதலான அவன் வீரர்களையும் பற்றியவை), 1470-ஐ ஒட்டி மாலரி எழுதிய ஆர்தர் கதைகளும்.

அந்தக் கைப்பிரதி உருவான ஆண்டுகளைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும். பாலஸ்தீனக் கடற்கரையில் சிலுவைப்போராளிகள் கையில் எஞ்சியிருந்த பெரிய கோட்டை நகரமான ஆக்கர் 1291-இல் முஸ்லிம் படைகளிடம் விழுந்துவிட்டது. அதற்குச் சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு, தோற்றுப்போன ஒரு போரில் ஆங்கிலக் கவிஞர்கள் கதைக்குள்ளே வென்றுகொண்டிருக்கிறார்கள்.

‘சாரசன்’ என்றால் முஸ்லிம்தானே?

இல்லை. இந்த இடத்தில் சறுக்கினால் பிறகு எல்லாமே சறுக்கும்.

2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலிலேயே வட அரேபியப் பகுதி மக்களுக்கு இந்தப் பெயர் வருகிறது. அதாவது இஸ்லாத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே. பிறகு புனித ஜெரோம் போன்றவர்கள் ஒரு விளக்கம் கட்டினார்கள்: இவர்கள் அடிமைப்பெண் ஆகாரின் (ஹாஜராவின்) வழிவந்தவர்கள், ஆனால் ஆபிரகாமின் மனைவி சாராளின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள் என்று. பெயரிலேயே ஒரு பொய் இருப்பதாகச் சொல்லும் விளக்கம் என்பதால் பிற்காலத்தில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலக் கதைகளில் இந்தச் சொல் இன்னும் அகலமாகிறது. 13-ஆம் நூற்றாண்டின் ‘கிங் ஹார்ன்’ கதையில் 15 கப்பல்களில் சாரசன்கள் வந்து இறங்கி அரசனைக் கொல்கிறார்கள். வருகிற விதம், கொள்ளையடிக்கும் விதம் எல்லாம் அப்படியே வைக்கிங்குகள். ஆர்தர்–மெர்லின் கதைப்பாட்டில் பிரிட்டனுக்குள் நுழையும் சாக்ஸன்களே சாரசன்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களின் முன்னோர்களே அந்தச் சாக்ஸன்கள். கிறிஸ்தவன் இல்லாத எந்த எதிரிக்கும் பொருந்தும் ஒரு சட்டையாகத்தான் இந்தச் சொல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு கதையிலும் ‘இங்கே சாரசன் யார்?’ என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம்கள் சிலை வணங்குவதாக ஏன் எழுதினார்கள்?

இஸ்லாத்தைப் பற்றித் துளி தெரிந்தவரையும் திடுக்கிட வைக்கும் விஷயம் இது. ஓரிறைக் கொள்கையில் அசையாத, உருவ வழிபாட்டை அறவே விலக்கிய ஒரு மார்க்கத்தினர் இந்தக் கதைகளில் மஹூன், டெர்மகான்ட், அப்போலின் என்று மூன்று தெய்வங்களுக்குப் பொன்சிலை வைத்துத் தூபம் காட்டுகிறார்கள். சில கதைகளில் ஜூபிடரும் சேர்ந்துகொள்கிறார். மஹூன் என்பது நபிகளின் பெயரைச் சிதைத்தது. அப்போலின் கிரேக்க அப்போலோ. டெர்மகான்ட் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை.

தெய்வங்கள் ஏன் மூன்று? கிறிஸ்தவர்களுக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி இருப்பதால். கவிஞர் தன் கோயிலையே தலைகீழாகத் திருப்பி எதிரிக்குக் கட்டிக்கொடுக்கிறார்: அங்கே பிஷப் இருந்தால் இங்கேயும் பிஷப், அங்கே சுரூபம் இருந்தால் இங்கேயும் சிலை. இந்தக் கதைகளில் எதிரியின் மதம் என்று காட்டப்படுவது பெரும்பாலும் கவிஞரின் மதத்தின் நெகட்டிவ் பிரதிதான்.

போரில் தோற்றதும் சாரசன்கள் தங்கள் சிலைகளையே அடித்து நொறுக்கும் காட்சி கிட்டத்தட்ட ஒரு சடங்குபோல வரும். பழைய பிரெஞ்சு ரோலண்ட் காவியத்தில் அப்போலினின் செங்கோலையும் கிரீடத்தையும் பிடுங்கிக்கொண்டு தூணில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மஹூனைக் குழியில் தள்ள, பன்றியும் நாயும் கடித்து மிதிக்கின்றன. ஆங்கில ‘சுல்தான் ஆஃப் பாபிலோன்’ கதையில் சுல்தான் லாபன் பொன் மஹூனை ஓங்கி அடித்து விழச்செய்துவிட்டு, மதகுருக்கள் கண்டித்ததும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் இதே காரியம் ஐரோப்பிய மடாலயங்களில் நடந்திருக்கிறது. காப்பாற்றத் தவறிய புனிதரின் எலும்புப் பேழையையும் சிலுவையையும் தரையில் கிடத்தி, முள் போட்டு, அவரை ‘அவமானப்படுத்தும்’ வழக்கம் துறவிகளிடையே இருந்தது. 1274-இல் திருச்சபையின் லியோன் சங்கம் அதைக் கண்டித்துத் தடைபோட வேண்டியிருந்தது. ‘மிலன் முற்றுகை’யில் பேராயர் டர்பின் தோல்விச் செய்தி கேட்டுத் தன் ஆயர் தொப்பியையும் கோலையும் வீசியெறிந்துவிட்டு, மாதாவிடமே ‘உன் வல்லமை எங்கே போயிற்று?’ என்று சண்டை போடுகிறார். அதைப் பக்தி என்பார்கள். லாபன் செய்தால் மூடத்தனம்.

இந்தக் கற்பனை மொழியிலும் தங்கிவிட்டதா?

நன்றாகவே. நபிகளின் பெயரிலிருந்து பிறந்த ‘மாமெட்’ என்ற சொல்லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் ‘விக்கிரகம்’ என்றே பொருளாகிவிட்டது. 14-ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் மரபு ஆங்கில பைபிளில், இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய பொய்த்தெய்வங்களுக்கும் இந்தச் சொல்தான். ஷேக்ஸ்பியரிடம் வரும்போது அது வெறும் பொம்மை. டெர்மகான்ட் நாடக மேடையில் கூச்சல்போடும் பாத்திரமாகி (அளவுமீறிக் கத்தும் நடிகர்களைக் கண்டிக்க ஹாம்லெட் இந்தப் பெயரைத்தான் எடுக்கிறான்), பிறகு ஆங்கிலத்தில் ‘சண்டைக்காரி’ என்ற பொதுச்சொல்லாகிவிட்டது.

எல்லாம் கெட்ட வழியில் போகவில்லை. இந்தக் கதைகளின் ‘அமிரல்’ அரபியின் ‘அமீர்’. கடற்படைத் தளபதியைக் குறிக்கும் இன்றைய ‘அட்மிரல்’ அதே வேரில் வந்தது.

அன்றைய ஆங்கிலேயர்களுக்கு உண்மை தெரியாமலா இப்படி எழுதினார்கள்?

‘பாவம், தெரியாது’ என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அது சரியல்ல. 1125-ஐ ஒட்டி மாம்ஸ்பரி மடத்துத் துறவி வில்லியம் தன் வரலாற்று நூலில், சாரசன்களும் துருக்கியரும் படைத்தவனாகிய கடவுளை வணங்குகிறார்கள், முகம்மதைக் கடவுளாக அல்ல, இறைத்தூதராகவே கொள்கிறார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். 1143-இல் திருக்குர்ஆனை முதன்முதலில் லத்தீனில் முழுதாகப் பெயர்த்தவரே ஓர் ஆங்கிலேயர், கெட்டனைச் சேர்ந்த ராபர்ட். கண்டிப்பதற்காகச் செய்த மொழிபெயர்ப்புதான், ஆனாலும் நூல் கையில் இருந்தது. அதற்கும் முன்பே பாத் நகரத்து அடெலார்ட் அல்-குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளைப் பெயர்த்துவிட்டார்.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில் வரும் மருத்துவர் ராஸி, இப்னு சீனா, இப்னு ருஷ்து எல்லோரையும் நன்றாக அறிந்தவர். அதே நூலில் வழக்கறிஞர் சொல்லும் கதையில் சுல்தானின் தாய் ‘அல்கரான்’ என்றே குர்ஆனைக் குறிப்பிட்டு, அதைக் கடவுளின் தூதர் தந்தது என்கிறாள். சிலை ஒன்றும் இல்லை. அதே சாசர் ரொமான்ஸைக் கிண்டல் செய்ய எழுதிய ‘சர் தோபஸ்’ பாட்டில் மூன்று தலை அரக்கன் டெர்மகான்ட் மேல் ஆணையிடுகிறான். எந்த வகை எழுத்துக்கு எந்த வகை முஸ்லிம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆக, லத்தீன் படித்தவர் மேசையில் ஓரளவு சரியான தகவல் இருந்தது. கதை சொல்பவருக்கு அது தேவைப்படவில்லை. சிலையை உடைக்கும் காட்சி வேண்டுமென்றால் முதலில் ஒரு சிலை வேண்டுமே.

‘கிங் ஆஃப் டார்ஸ்’ பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1,200 வரிகளைக் கொஞ்சம் தாண்டும் சிறிய கதை. தமஸ்கு சுல்தான் டார்ஸ் நாட்டு கிறிஸ்தவ இளவரசியைப் பெண் கேட்கிறான். மறுத்ததும் போர். ஆயிரக்கணக்கானோர் சாவதைப் பார்த்து அவளே சம்மதித்துப் போகிறாள். வெளியே மதம் மாறியதாகக் காட்டிக்கொண்டு உள்ளே கிறிஸ்தவளாகவே இருக்கிறாள். குழந்தை பிறக்கிறது: கை, கால், கண், மூக்கு எதுவும் இல்லாத உயிரற்ற சதைப்பிண்டம். உன் பொய்யான மதமாற்றம்தான் காரணம் என்கிறான் சுல்தான். உன் தெய்வங்களிடமே கேள் என்கிறாள் அவள். அவன் பிண்டத்தைப் பலிபீடத்தில் வைத்து வேண்டுகிறான், ஒன்றும் நடக்கவில்லை, சிலைகளை உடைக்கிறான். சிறையிலிருந்த பாதிரியார் ஒருவர் திருமுழுக்குக் கொடுத்ததும் பிண்டம் அழகான ஆண்குழந்தையாகிறது. பிறகு சுல்தானும் திருமுழுக்குப் பெறுகிறான். அவனுடைய கறுத்த தோல் வெள்ளையாகிவிடுகிறது.

ஆய்வாளர்கள் நின்றுவிடுவது இந்தக் கடைசி வரியில். மதம் மனத்தைச் சேர்ந்ததா, உடம்பைச் சேர்ந்ததா? இந்தக் கவிஞருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் இதை இன்றைய இனவாதமாக அப்படியே எடுத்தால் கணக்கு உதைக்கும். நவீன இனவாதத்தில் தோலை மாற்ற முடியாது என்பதுதான் அடிப்படை. இங்கே தண்ணீர் பட்டால் மாறிவிடுகிறது. அதே சமயம் ‘அழகு, உண்மை, வெள்ளை’ ஒரு பக்கமும் ‘அருவருப்பு, பொய், கறுப்பு’ மறுபக்கமும் நிற்கிற அடுக்கும் இங்கே அப்பட்டமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கதை அந்த அற்புதத்தோடு முடிவதில்லை. வெள்ளையான சுல்தான் மாமனாரோடு சேர்ந்து, மதம் மாற மறுக்கும் தன் சொந்தக் குடிகளையே கொன்று தீர்க்கிறான்.

முஸ்லிம் இளவரசிகள் ஏன் இத்தனை துணிச்சல்காரிகள்?

கதைக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள். கோட்டைக்குள் சிறைப்பட்ட வீரனை வெளியே கொண்டுவர உள்ளிருந்து ஒருவர் சாவி எடுத்துத் தர வேண்டும். பிரெஞ்சு மரபிலேயே இது நிலையான பாத்திரம்.

‘சுல்தான் ஆஃப் பாபிலோன்’ கதையில் லாபனின் மகள் ஃப்ளோரிபாஸ், கைதிகளுக்கு உதவ மறுத்த தன் செவிலியை ஜன்னல் வழியே கடலில் தள்ளுகிறாள். சிறைக்காவலனைச் சாவிக்கொத்தாலேயே அடித்துக் கொல்கிறாள். பசியைத் தடுக்கும் மந்திர ஒட்டியாணம் வேறு வைத்திருக்கிறாள். கடைசியில் திருமுழுக்குப் பெற்று பிரெஞ்சு வீரனை மணக்கிறாள். ஒரு கிறிஸ்தவப் பெண் தன் தந்தைக்கு எதிராக இவ்வளவும் செய்திருந்தால் கதை அவளைத் துரோகி என்றிருக்கும்.

‘பெவிஸ்’ கதையின் இளவரசி ஜோசியன் இன்னும் நுட்பமானவள். இத்தாலியின் போலோஞ்ஞா, ஸ்பெயினின் டொலேடோ ஊர்களின் ஆசான்களிடம் மருத்துவமும் அறுவைசிகிச்சையும் கற்றவள் என்று கவிஞர் சொல்கிறார். அரபு மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் போன வழியே டொலேடோதான், ஆகவே வரலாறு இங்கே ஒரு வரியில் கசிந்துவிடுகிறது. மதம் மாறிய பிறகும் இவள் அடங்கவில்லை. பலவந்தமாக மணந்த பிரபு ஒருவனை முதலிரவிலேயே கழுத்தை நெரித்துவிடுகிறாள்.

இவர்களுடைய நிறம் வெள்ளையாகவே வருணிக்கப்படும், தந்தை கறுப்பாக இருந்தாலும். கிறிஸ்தவ வீரனுக்கு மனைவியாகப் போகிறவளுக்கு நிறமாற்ற அற்புதம் எதுவும் தேவையில்லை என்று கவிஞர்கள் முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

அரக்கர்களையும் மதம் மாறும் வீரர்களையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அளவைப் பாருங்கள். மனித அளவில் இருப்பவன் மதம் மாறக்கூடியவன். 30 அடி, 40 அடி என்று போனால் பெரும்பாலும் சாகப்போகிறவன்.

ஒட்டுவெல் முதல் வகை. சார்லமேன் அவைக்குத் தூதனாக வந்து எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறான், ரோலண்டோடு மோதுகிறான், நடுவில் ஒரு புறா அவன் தலைக்கவசத்தில் வந்து அமர, அந்த இடத்திலேயே மனம் மாறுகிறான். வாதம் இல்லை, போதனை இல்லை. மாறிய பிறகும் அதே முரட்டு ஒட்டுவெல்தான். எதிரியின் வீரத்தை வீணாக்காமல் நம் பக்கம் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

வெர்னகு இரண்டாம் வகை, 40 அடி. ஆனால் அவனோடுதான் ரோலண்ட் மதம் பற்றி விவாதம் செய்கிறான். சண்டைக்கு நடுவே வெர்னகு தூங்கிவிட, ரோலண்ட் அவன் தலைக்கு ஒரு கல்லை அண்டக்கொடுக்கிறான். அந்தப் பண்பில் நெகிழ்ந்த அரக்கன் திரித்துவம் பற்றிக் கேட்கிறான். யாழையும் வாதுமைக்கொட்டையையும் உவமை காட்டி ரோலண்ட் விளக்குகிறான்: ஒரு பொருள், மூன்று கூறு. ‘புரிந்தது, இனி சண்டை போடுவோம்’ என்று எழுந்து, செத்துப்போகிறான். மூன்று எப்படி ஒன்றாகும் என்று அவன் கேட்டது முஸ்லிம்கள் உண்மையாகவே கிறிஸ்தவர்களிடம் கேட்ட கேள்வி. இந்தக் கதைகளில் நிஜ இஸ்லாத்தின் குரல் கேட்கும் சொற்ப இடங்களில் இது ஒன்று, அதுவும் ஒரு அரக்கன் வாயில்.

‘பெவிஸ்’ கதையின் 30 அடி அஸ்கோபார்ட் இரண்டுக்கும் நடுவில் சிக்கியவன். கொலோன் பிஷப் அவனுக்காகப் பெரிய தொட்டியே செய்ய வைத்தும், ‘என்னை முக்கிக் கொல்லப் பார்க்கிறாயா? கிறிஸ்தவனாக நான் ரொம்பப் பெரியவன்’ என்று குதித்தோடிவிடுகிறான். பின்னால் துரோகமும் செய்கிறான். இதே கதையில் நேரெதிரான ஒரு நுணுக்கமும் உண்டு: சிறுவயதிலேயே விற்கப்பட்டு வளர்ந்த பெவிஸுக்கு அன்று கிறிஸ்துமஸ் என்று நினைவில்லை, ஒரு சாரசன்தான் எடுத்துச் சொல்கிறான்.

ரிச்சர்ட் மன்னன் மனித இறைச்சி தின்றதாக எழுதியிருப்பது உண்மையா?

மூன்றாம் சிலுவைப்போரில் போரிட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டைப் பற்றிய ‘ரிச்சர்ட் கேர் டி லயன்’ கதையில் உண்டு, வரலாற்றில் இல்லை. ஆக்கர் முற்றுகையில் நோயுற்ற ரிச்சர்டுக்குப் பன்றி இறைச்சி தின்ன ஆசை. அந்த ஊரில் பன்றி கிடைக்கவில்லை. வயதான வீரர் ஒருவரின் யோசனைப்படி, கொழுத்த இளம் சாரசன் ஒருவனைக் கொன்று தோலுரித்து, மசாலாவும் குங்குமப்பூவும் போட்டுச் சமைத்துக் கொடுக்கிறார்கள். நோய் தீர்கிறது. பிறகு ‘அந்தப் பன்றியின் தலையைக் கொண்டுவா’ என்று கேட்க, சமையல்காரன் நடுங்கிக்கொண்டே மனிதத் தலையைக் கொண்டுவருகிறான். ரிச்சர்ட் வெடித்துச் சிரிக்கிறான். அடுத்து எதிரி சுல்தான் சலாவுத்தீனின் தூதர்களுக்கு விருந்து: ஒவ்வொரு தட்டிலும் வேகவைத்த ஒரு தலை, நெற்றியில் இறந்தவனின் பெயர். இனி எங்களுக்குப் பட்டினி என்பதே இல்லை என்று போய்ச் சொல்லுங்கள் என்கிறான்.

இதை வைத்து ரிச்சர்டைக் கவிஞர் கண்டிக்கிறார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கவிஞர் கொண்டாடுகிறார். பிரெஞ்சு அரசன் பிலிப்பைக் கோழையாகவும் பேராசைக்காரனாகவும் காட்டுவதில் பாட்டுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பார்த்தால், ‘ஆங்கிலேயன் எதையும் விழுங்குவான்’ என்ற தேசியப் பீற்றலே இந்தச் சிரிப்பின் அடியில் இருப்பது தெரியும். ரிச்சர்டின் நிஜத் தாய் அக்விடைன் எலினோர். இந்தப் பாட்டிலோ அந்தியோக்கியா அரசன் மகள் கசோடோரியன். பூசையில் அப்பம் உயர்த்தப்படுவதைப் பார்க்க முடியாமல் தேவாலயக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துபோகிறாள். மன்னனுக்கு அரக்கரத்தம் கொடுத்ததும் பெருமைக்காகத்தான்.

கற்பனைக்கு அடியில் இரண்டு நிஜச் சம்பவங்கள் கிடக்கின்றன. முதல் சிலுவைப்போரில், 1098-இல், சிரியாவின் மஆர்ரா நகரில் பட்டினி கிடந்த போராளிகள் பிணங்களைத் தின்றதைக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்களே கூச்சத்தோடு பதிவு செய்திருக்கிறார்கள். 1191 ஆகஸ்ட் 20 அன்று ஆக்கருக்கு வெளியே ரிச்சர்ட் சுமார் 2,600 முதல் 3,000 கைதிகளை வெட்டிக் கொன்றது இரு தரப்பு ஆவணங்களிலும் உள்ளது. பாட்டில் அந்த எண்ணிக்கை 60,000 ஆகிறது. ‘கொல்லுங்கள், கொல்லுங்கள்’ என்று வானத்திலிருந்து தேவதூதன் ஏவுகிறான், அதுவும் பிரெஞ்சில்.

நல்லவிதமாகக் காட்டப்பட்ட முஸ்லிம் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். ஃப்ளோரிஸ் ஸ்பெயினைச் சேர்ந்த முஸ்லிம் இளவரசன், கதாநாயகன். விற்கப்பட்ட காதலியைத் தேடி, பூக்கூடைக்குள் ஒளிந்து பாபிலோன் அமீரின் கோபுரத்துக்குள் நுழைகிறான். பிடிபட்டதும் ‘நான் முதலில் சாகிறேன்’ என்று இருவரும் போட்டிபோடுவதைப் பார்த்து அமீர் மன்னித்துவிடுகிறார். யாரும் யாரையும் வெட்டுவதில்லை. கடைசியில் ஃப்ளோரிஸ் கிறிஸ்தவனாகிறான், ஆனால் அது வாலில் கட்டிய வரி.

மாலரியின் பாலமிடிஸ் இன்னும் நிறைவான பாத்திரம். டிரிஸ்ட்ராமின் காதலி இசோல்டைத் தானும் காதலித்துப் பொருமும் சாரசன் வீரன். மனத்தளவில் கிறிஸ்தவன், நேர்ந்துகொண்ட போர்களை முடிக்கும்வரை திருமுழுக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறான். கார்லைல் ஊரில் அது நடக்கும்போது டிரிஸ்ட்ராமே ஞானத்தந்தை. பொறாமை, வெட்கம், தாராளம் எல்லாம் உள்ள மனிதன். ஆனால் முஸ்லிமாக அவன் செய்யும் காரியம் என்று கதையில் ஒன்றுகூட இல்லை.

கதைகளில் வரும் இடங்கள் நிஜமானவையா?

பாதி. ‘பாபிலோன்’ என்றால் ஈராக்கைத் தேடாதீர்கள். பழைய கெய்ரோவில் அந்தப் பெயரில் ஒரு கோட்டை இருந்தது. சிலுவைப்போர்க் காலத்தில் ‘பாபிலோன் சுல்தான்’ என்றால் எகிப்து சுல்தான். ‘எர்மனி’ ஆர்மீனியா, 4-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவ நாடு, ஆனால் ‘பெவிஸ்’ கதையில் முஸ்லிம் ராஜ்யம். ஜோசியனைப் பலவந்தமாகக் கொண்டுபோகும் மோம்ப்ரான்ட் வரைபடத்தில் இல்லாத ஊர்.

படிக்கத் தொடங்குபவருக்கு எந்த வரிசை நல்லது?

முதலில் ‘கிங் ஆஃப் டார்ஸ்’, ஒரே மாலையில் முடியும். அடுத்து ‘சுல்தான் ஆஃப் பாபிலோன்’, 3,274 வரிகள், வேகமாக ஓடும். மூன்றாவதாகச் சாசரின் வழக்கறிஞர் கதையைப் படித்தால் முதல் இரண்டோடு ஒப்பிட வசதி. பிறகு ‘பெவிஸ்’, சுமார் 4,600 வரிகள். 7,000 வரிகளைத் தாண்டும் ‘ரிச்சர்ட்’ கடைசியில். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில நூல்வரிசையில் ‘டார்ஸ்’, ‘சுல்தான்’, ‘பெவிஸ்’, ‘ரிச்சர்ட்’ நான்கும் ஓரக்குறிப்புகளோடு இணையத்தில் இலவசம். ஆகின்லெக் கைப்பிரதியின் படங்களையும் ஸ்காட்லாந்து நூலகம் திறந்துவைத்திருக்கிறது.

பழைய பதிப்பு கையில் கிடைத்தால் இரண்டு எழுத்துகள் மிரட்டும். ‘தோர்ன்’ என்பது ‘த’ ஒலி. ‘யோஹ்’ இடத்துக்குத் தகுந்தாற்போல் ‘ய’ அல்லது தொண்டையிலிருந்து வரும் ‘ஹ்’. இந்த இரண்டுக்கும் பழக ஒரு நாள் போதும். உண்மையான தொல்லை, பார்த்தால் இன்றைய ஆங்கிலம்போல் இருக்கும் சொற்கள். ‘லே’ என்று வந்தால் அது பெரும்பாலும் ‘சட்டம், மதநெறி’. ‘கைண்ட்’ என்றால் ‘அன்பான’ அல்ல. இயல்பு, பிறப்பு, இனம். புரியாத வரியை வாய்விட்டுப் படியுங்கள். பாதிக்குப் பாதி காதில் புரிந்துவிடும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது ‘சாரசன்’ என்பதை என்ன செய்வது?

‘சாரசன்’ என்றே விடுங்கள். ‘முஸ்லிம்’ என்று போட்டால் மஹூனின் பொன்சிலைக்கு முன் முஸ்லிம்கள் மண்டியிட்டார்கள் என்று ஒரு பொய்யை நீங்களே எழுதியதாகிவிடும். ‘கிங் ஹார்ன்’ கதையில் வைக்கிங்குகளும் முஸ்லிம்களாகிவிடுவார்கள். ‘துலுக்கர்’ என்ற சொல் துருக்கரிலிருந்து வந்து முஸ்லிம்கள் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்ட கதை சாரசன் கதையைப் போன்றதுதான். ஆனாலும் அதைப் போட வேண்டாம். அதற்கு இங்கே தனி வரலாறும் தனிக் காயமும் இருக்கின்றன. மஹூன் என்று மூலத்தில் இருந்தால் மஹூன். நபிகளின் பெயரைத் திருத்தமாக எழுதி அந்த இடத்தில் வைப்பது மரியாதையும் ஆகாது, துல்லியமும் ஆகாது. விளக்கத்தை முன்னுரையில் ஒருமுறை சொன்னால் போதும்.

ஆய்வுக்கட்டுரைகளில் வழக்கமாக எங்கே கோளாறு வருகிறது?

எல்லாக் கதைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘மேற்கு கிழக்கைப் பற்றி இப்படி நினைத்தது’ என்று எழுதுவதில். 1330-இன் இங்கிலாந்து உலகை ஆண்ட பேரரசு அல்ல. எகிப்தை ஆண்ட மாம்லூக்குகளிடம் தோற்ற ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்த நாடு, அங்கே குடியிருந்த முஸ்லிம் சமூகம் என்று ஒன்றும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டுக் காலனியத்தை விளக்கும் கருவிகளை அப்படியே தூக்கிவந்தால் பொருந்தாது.

அடுத்தது, எல்லாச் சிறப்பையும் ஆங்கிலக் கவிஞர் கணக்கில் எழுதுவது. பிரெஞ்சு மூலத்தில் அதே வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆங்கிலோ-நார்மன் (இங்கிலாந்தில் புழங்கிய பிரெஞ்சு) ‘பெவிஸ்’ கதையில் ஜோசியனின் தந்தை எகிப்து அரசன். ஆங்கிலத்தில்தான் ஆர்மீனியாவுக்கு மாறுகிறான். இப்படி மாறிய இடங்களில்தான் உங்களுக்குப் பேச விஷயம் இருக்கிறது.

மூன்றாவது, கைப்பிரதியைச் சொல்லாமல் விடுவது. ‘ரிச்சர்ட்’ பாட்டின் பிரதிகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. கசோடோரியன் பறப்பதும் இறைச்சி விருந்தும் எல்லாவற்றிலும் இல்லை. எந்தப் பிரதியை வைத்து எழுதுகிறீர்கள், எந்தப் பதிப்பின் வரி எண் என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.